யார் பாடுவது? கிறிஸ்மஸ் சேர்ந்திசை பற்றி

சேர்ந்திசையில் யார் பாடலாம், யார் வாய்மூடிக் கேட்கவேண்டும் என்பதை மெட்டே தீர்மானித்துவிடுகிறது. இசையின் அதிகாரம் இயங்குவது இங்கேதான். சுந்தரபாண்டியத்திலிருந்து எழுதுகிற எனக்குப் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் மார்கழி நினைவுக்கு வருகிறது. திருப்பாவையும் தோழிகளைக் கூட்டிச் சேர்ந்து பாடக் கூப்பிடும் பிரதிதானே. கிறிஸ்மசும் அதே மார்கழியில்தான் வருகிறது.

தமிழ்ச் சபைகளில் இரண்டு வடிவங்கள் கோலோச்சின. ஒன்று, மிஷனரிகள் கொண்டுவந்த நான்கு குரல் பாமாலை. மற்றது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்.

பாமாலையில் அயல்மெட்டு முன்னால் வந்து, தமிழ்ச்சொல் அதற்குள் திணிக்கப்படுகிறது. குறில்மேல் நீண்ட சுரம் விழுந்தால் ‘மரியாள்’ ‘மாரியாள்’ ஆகிவிடுவாள். இருக்கன்குடிக்குப் போகிறவர்களுக்கு ஆட்சேபணை இருக்காது, ஐயருக்கு இருக்கும்! மேலும், ஒரு குரல் கமகத்தில் அசைந்தால் மற்ற மூன்றோடும் இசைவு கெடும் என்பதால் நம்ம மெட்டின் அசைவுகளை வெட்டி நேராக்க வேண்டியிருக்கிறது. கீர்த்தனையிலோ ராகப் பயிற்சியும் வடமொழி கலந்த நடையும் வேலியாக நிற்கின்றன.

இந்த வேலிகளைக் கேள்விக்குட்படுத்தியவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தலித் இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005), அதாவது ‘பரட்டை’. கிராமிய இசையிலேயே வழிபாட்டை அமைத்தார். நாட்டுப்புறப் பாட்டை மக்கள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ள முடியும், அதனால் இறையியலை உண்டாக்குகிறவர்களும் அவர்களே என்பது அவர் வாதம். ஜோ ஷெரினியன் 2014இல் வெளியிட்ட ஆங்கில நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

ஆனால் பறை? சாதி சுமத்திய வேலையாக அதை அடித்தவர்களின் பிள்ளைகள், “கோயிலுக்குள்ளயும் அதே பறையா?” என்று கேட்பது நியாயம். பறை மட்டும் பீடத்தருகே வந்து, அடிக்கிறவர் சபையின் முடிவுகளுக்கு வெளியே நின்றால் அது வெறும் அலங்காரம். அடிப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

நான் மெட்டமைக்கும் வழி இது: கும்மி நடை. யாரும் எட்டிப்பிடிக்கிற சுரங்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடும். கட்டைக்குரல்கள் சுருதியைப் பிடித்து நிற்கும், ஆக பல குரலும் உண்டு, கமகமும் உண்டு. பல்லவி நிலையானது. சத்திரத்தில் இடமில்லாமல் போன குடும்பத்தைச் சொல்லும் சரணத்தில் சில அடிகளைக் காலியாக விடுகிறேன். நம்ம ஊரில் யாருக்கு இடமில்லை என்பதைப் பாடுகிறவர்களே நிரப்பவேண்டும். பண்டிகை முடிந்து, நாற்று நடுகையில் யாராவது அதை வேறுமாதிரி பாடினால், பாட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருத்தப் போகாதீங்க.