கிடர்பூரிலிருந்து பரமாரிபோ: 99 நாள், ஒரு நாள்

கொல்கத்தாவின் கிடர்பூரை அடுத்த ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு படித்துறைக்கு ‘சூரினாம் காட்’ என்று பெயர். கையில் மூட்டையோடு நிற்கும் ஓர் ஆணும் பெண்ணுமாக, ‘பாபா–மாயி’ சிலை 2015-இல் இங்கே திறக்கப்பட்டது.

1873 பிப்ரவரி 26 அன்று கல்கத்தாவிலிருந்து ‘லல்லா ரூக்’ என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியது. உள்ளே, தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏழை ஜனங்கள். சூயஸ் கால்வாய் அப்போது இருந்தும் பாய்மரக் கப்பல்களுக்கு அது ஒத்துவரவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, காற்றை நம்பித்தான் போக வேண்டும். ஜூன் 5 அன்று சூரினாமின் தலைநகரான பரமாரிபோவில் 399 பேர் கரையேறினார்கள். வழியிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு.

பயணம் 99 நாள்!

இன்று கொல்கத்தாவுக்கும் பரமாரிபோவுக்கும் வான்வழி நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 15,000 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் பறந்தால் பதினேழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் நேரடி விமானம் கிடையாது. டெல்லி, ஆம்ஸ்டர்டாம் என்று மாறிப் போக வேண்டும்; ஆம்ஸ்டர்டாமிலிருந்தே ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். சூரினாம் கடிகாரம் நம்முடையதைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கியது.

அந்த ஜூன் 5-ஐச் சூரினாம் இன்றும் தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறது. கொல்கத்தா போகிறவர்கள் இந்தப் படித்துறையையும் அவசியம் பார்த்துவிட்டு வர வேண்டும்.