கூனியிருந்தும் வந்த பெண்



நாரிநோ திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் நமக்குப் புதியதன்று. கரைவலை இழுப்போரும் மூடை சுமப்போரும் முச்சக்கர வண்டி ஓட்டுவோரும் அதனை நன்கறிவர். "பேசாமல் படுத்திருங்கோ" என்று வீட்டார் அன்பாய்ச் சொல்வர். மூன்று மாதங்களைக் கடந்துவிட்ட நோவுக்கு அந்த அறிவுரை உதவாது. அசையாத தசை நாளடைவில் வலுவிழக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும் தக்க உடற்பயிற்சியையே முன்வைக்கின்றது. பலரும் வாங்கிக் கட்டும் இடுப்புப் பட்டியை அது பரிந்துரைக்கவில்லை. ஆகவே வேலையை முற்றாக விட்டுவிடாதீர்கள்; பகுத்துச் செய்யுங்கள். ஒரே தடவையில் சுமந்ததை இரு தடவையாகச் சுமப்பதில் இழுக்கில்லை. ஆனால் கால் மரத்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகளாகக் கூனியிருந்த பெண்ணைப் பாருங்கள். இயேசு அழைத்தபோது அவர் வீட்டில் படுத்திருக்கவில்லை. ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் இருந்தார். நிமிர முடியாத உடலோடு எத்தனை வாரங்கள் அப்படி வந்திருப்பாரோ! (நலம் பெற்ற பின்னரே தொழுகைக்கூடத் தலைவரின் கண்ணில் அவர் பட்டார் போலும், அதுவும் கோபத்தோடு.)

திருப்பலியில் முழந்தாளிட இயலாதவர்கள் அமர்ந்தே செபியுங்கள். திருச்சபை ஒழுங்கு உடல்நலக் குறைவுக்கு இடமளிக்கின்றது. பின்வரிசையில் இருப்போர் அதனைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டா.