ரயில் நின்றது, பாதை நின்றுவிடவில்லை: 24 கிலோமீட்டர் துண்டாகாமல் காக்கப்பட்ட கதை

வார இறுதிக் காலைகளில் ஹில்வியூவுக்கும் கிங் ஆல்பர்ட் பார்க்குக்கும் இடையே சைக்கிளோட்டிகள், மெதுவோட்டக்காரர்கள், குழந்தைகளுடன் நடக்க வரும் குடும்பங்கள் என்று கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பழைய இரும்புப் பாலத்தில் நின்று படமெடுப்போரும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம்வரை அந்தப் பாலத்தின்மீது மலேசிய ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஏறக்குறைய 24 கிலோமீட்டருக்கு நீளும் இந்த முன்னாள் ரயில் பாதை, இன்று ‘ரயில் காரிடார்’ என்ற பெயரில் பொதுமக்களின் பயன்பாட்டில் இருக்கிறது. நிலத்துக்குத் தட்டுப்பாடு நிலவும் தீவில் இவ்வளவு நீண்ட நிலம் வீடுகளாகவோ சாலைகளாகவோ மாறாமல் தப்பியது தற்செயலாக நடந்ததன்று. ரயில் நிற்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே சிலர் ஒரு திட்டத்தை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்திருந்தனர். அந்தத் திட்டத்தின் மையம் ஒரே ஒரு கோரிக்கைதான்: இந்த நிலத்தைத் துண்டு போடக்கூடாது.

ரயில் பாதை சைக்கிளுக்கு ஏன் பொருந்துகிறது?

உலகின் பல நாடுகளில் கைவிடப்பட்ட ரயில் பாதைகள் நடைபாதைகளாகவும் சைக்கிள் பாதைகளாகவும் மாறியுள்ளன. அதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. கனமான ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அதனால் ரயில் பாதை போடுபவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்துவிடுவார்கள். திருப்பங்களும் நிதானமாகவே வளையும். இத்தகைய பாதையில் சிறுவர்களும் மூத்தோரும் அதிகம் மூச்சு வாங்காமல் சைக்கிளோட்டலாம்.

இரண்டாவது வசதி, பல இடங்களில் ரயில் பாதை சாலையைப் பாலத்தின்மேலோ சுரங்கத்தின்வழியோ கடந்துவிடுவது. சிக்னலுக்காக நிற்கவேண்டியதில்லை, கார்களுக்கு இடையே நுழையவேண்டியதில்லை.

மூன்றாவது வசதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: தொடர்ச்சி. அடர்ந்த நகரத்தில் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிதாக நிலம் எடுத்துப் பாதை போடுவது ஏறக்குறைய முடியாத காரியம். ரயிலுக்காக ஒரு காலத்தில் எடுக்கப்பட்ட நிலம் அந்தத் தொடர்ச்சியைத் தயாராக வைத்திருக்கிறது. அதை ஒருமுறை விற்றுக் கூறு போட்டுவிட்டால் மறுபடி ஒட்ட வைக்க முடியாது.

அமெரிக்காவில் இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் மே வாட்ஸ் என்ற இயற்கை ஆர்வலர். சிகாகோவுக்கு மேற்கே ரயில் சேவை நின்றுபோன ஒரு பாதையை நடைபாதையாக்கலாம் என்று அவர் 1963ல் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைத் தொடர்ந்து உருவானதே ‘இலினோய் பிரெய்ரி பாத்’. ஆள் அரவமற்ற நிலம் நெடுநாள் அப்படியே கிடக்காது என்பதையும், தாமதித்தால் அது கைவிட்டுப் போகும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

தண்டவாளத்தோரம் வாழ்ந்தவர்கள்

சிங்கப்பூரில் ரயில் 1903ல் ஓடத் தொடங்கியது. அப்போது பாதை டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சென்றது. 1923ல் கடற்பாலம் வழியாக ரயில் ஜோகூருக்குள் நுழைந்தது. இப்போது நாம் நடக்கும் தென்பகுதிப் பாதை அதற்குப் பின்னர், 1932ல், தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டபோது அமைந்தது. புக்கிட் தீமா நிலையமும் அதே காலத்தைச் சேர்ந்தது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரெதிரே வரும் ரயில்கள் அங்குதான் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. ஓட்டுநரிடம் அனுமதி வில்லையைக் கைமாற்றும் பழைய முறை கடைசிவரை அங்கு நடைமுறையில் இருந்தது.

ரயில்வேயில் தமிழர்கள் பலர் வேலை பார்த்தனர். அவர்களின் தடம் இன்றும் இருக்கிறது. காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1932ல் குவீன்ஸ்வே வட்டாரத்தில் தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே தொழிலாளர்கள் அமைத்த சிறு குடிலில் தொடங்கியது. அந்நாளில் அது முனியாண்டி கோயில் என்று அழைக்கப்பட்டது. ஆலயம் தற்போதைய இடத்துக்கு 1998ல் மாறியது. தங்ளின் ஹால்ட் என்ற பேட்டைப் பெயரும் அங்கு நின்று சென்ற ரயிலின் நினைவுதான். காரிடாரின் தென்முனையான ஸ்பூனர் சாலையில் ‘கேடிஎம்’ ஊழியர்களின் குடியிருப்புகள் இருந்தன.

ரயில்வே நிலம் சிங்கப்பூர் மண்ணில் இருந்தாலும் மலேசிய ரயில்வேயின் வசம் இருந்தது. அதன் எதிர்காலம் குறித்து இரு நாடுகளும் 1990 நவம்பரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஆயினும் அதன் பொருள் என்ன என்பதிலேயே கருத்து வேறுபாடு இருபது ஆண்டுகள் நீடித்தது. 2010 மே 24ஆம் தேதி பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் தீர்வு கண்டனர். தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூலை 1ஆம் தேதிக்குள் உட்லண்ட்சுக்கு மாறும், ரயில்வே நிலங்களுக்கு ஈடாக மரினா சவுத், ஓஃபியர்-ரோச்சோர் பகுதிகளில் வேறு நிலங்கள் தரப்படும் என்று முடிவானது.

எதிர்ப்புக்குப் பதில் ஒரு திட்டம்

அந்த அறிவிப்பு வந்ததும், திரும்பி வரும் நிலத்தில் என்ன கட்டப்படும் என்ற கேள்வி எழுந்தது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் காத்திருக்கவில்லை. 2010 அக்டோபரில் அது ஒரு பரிந்துரையைச் சமர்ப்பித்தது. ரயில்வே நிலம் முழுவதையும் தொடர்ச்சியான பசுமைப் பாதையாக வைத்திருந்தால் மக்கள் நடக்கலாம், சைக்கிளோட்டலாம், தனித்தனியாகக் கிடக்கும் காடுகளும் பூங்காக்களும் இணையும், ரயில் வரலாறும் நிலைக்கும் என்பது அதன் வாதம்.

அந்தப் பரிந்துரை வந்த நேரத்தைக் கவனிக்கவேண்டும். ரயில் நிற்க இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. கட்டுமானத் திட்டங்கள் எதுவும் இறுதியாகவில்லை. வேண்டாம் என்று மறுப்பதோடு நிற்காமல், எது வேண்டும், அதனால் யாருக்கு என்ன பயன் என்பதை அது எழுதிக் காட்டியது. அதன்பின் இயற்கை ஆர்வலர்கள், மரபுடைமை ஆர்வலர்கள், கட்டடக் கலைஞர்கள், சைக்கிளோட்டிகள் என வெவ்வேறு தரப்பினர் ஒரே கோரிக்கையின்கீழ் சேர்ந்தனர். இணையத்தில் ஆதரவு திரட்டினர், தண்டவாளத்தையொட்டி நடைப்பயணங்களுக்கு மக்களை அழைத்துச் சென்றனர்.

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் ஓட்டிச் சென்றார். அடுத்த நாளே பாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தண்டவாளங்களும் கட்டைகளும் அகற்றப்படுவதற்குமுன் பார்த்துவிடவேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். கேட்டவர்கள் சிறு கூட்டம் அல்ல என்பதற்கு அந்த நடையே சான்றானது.

நகர மறுசீரமைப்பு ஆணையம் பொதுமக்களிடம் கருத்துகளைத் திரட்டியது. அப்போது தேசிய வளர்ச்சி துணை அமைச்சராக இருந்த டான் சுவான்-ஜின், ஆர்வலர் குழுக்களுடன் தொடர்ந்து கலந்து பேசினார். பாதையின் தொடர்ச்சி காக்கப்படும் என்று அரசாங்கம் உறுதியளித்தது. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச் சின்னமாகவும் புக்கிட் தீமா நிலையம் பாதுகாக்கப்படும் கட்டடமாகவும் அறிவிக்கப்பட்டன. புக்கிட் தீமா பகுதியின் இரு இரும்புப் பாலங்களும் அகற்றப்படாமல் நின்றன.

பத்தாண்டுப் பொறுமை

உறுதி கிடைத்ததும் பாதை உடனே தயாராகிவிடவில்லை. 2015ல் நடத்தப்பட்ட வடிவமைப்புத் தேர்வில் ஜப்பானின் நிக்கென் செக்கெய் நிறுவனமும் உள்ளூரின் டியரா டிசைன் நிறுவனமும் இணைந்து அளித்த திட்டம் தேர்வானது. இதற்கிடையே பாதையின் ஒரு பகுதிக்கு அடியில் பொதுப் பயனீட்டுக் கழகம் குடிநீர்க் குழாய் பதித்தது. அந்தப் பணிக்காகச் சில பகுதிகள் நெடுநாள் மூடிக் கிடந்தன.

அதிலும் ஒரு பாடம் உண்டு. ஒரே கோடாக நிலம் இருந்ததால்தான் குழாயை நேராகக் கொண்டுசெல்ல முடிந்தது. மேலே மக்கள் நடக்க, கீழே நகரத்துக்குத் தண்ணீர் செல்கிறது. தொடர்ச்சியான நிலத்தின் பயன் பொழுதுபோக்கோடு முடிவதில்லை.

மத்தியப் பகுதியும் தென்பகுதியும் 2021ல் மேம்பட்ட பாதையுடன் திறக்கப்பட்டன. சீரமைக்கப்பட்ட புக்கிட் தீமா நிலையம் 2022 ஜூலை 1ஆம் தேதி திறக்கப்பட்டது. நிலம் கைமாறிச் சரியாகப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வடபகுதிப் பணிகள் படிப்படியாக நடந்தன.

ஒரே பாதை, பல பயனாளர்கள்

பாதையைப் பெறுவது ஒரு போராட்டம் என்றால், அதைப் பகிர்ந்துகொள்வது இன்னொன்று. சைக்கிளோட்டிக்கு வேகமாகச் செல்ல வழுவழுப்பான தளம் தேவை. நடப்பவருக்கு அமைதி தேவை. மத்தியப் பகுதியோ புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் ஓரமாகச் செல்கிறது. எறும்புத்தின்னிகளும் இருவாச்சிப் பறவைகளும் வாழும் இடம் அது. அவற்றுக்கு இருட்டும் மரநிழலும் தேவை. பாதை முழுவதும் கான்கிரீட் போட்டு விளக்குக் கம்பங்கள் நட்டால் வேலைக்குச் செல்லும் சைக்கிளோட்டிக்கு வசதிதான். ஆனால் காப்பாற்றப் போராடிய பசுமை அதில் போய்விடும். அதனால்தான் பல இடங்களில் புல்லும் சரளையுமாகவே பாதை விடப்பட்டுள்ளது.

சிங்கப்பூரின் சைக்கிளோட்டிகள் இத்தகைய சமரசங்களுக்குப் பழகியவர்கள். நடைபாதையில் சைக்கிளோட்டுவதைத் தெம்பனிஸ் நகரம் 2007ல் சோதித்துப் பார்த்து, 2010ல் அனுமதித்தது. துடிப்பான போக்குவரத்துச் சட்டம் 2018ல் நடப்புக்கு வந்தது. இன்று நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் என வேக வரம்புகள் உள்ளன. சைக்கிள் பாதையை ஒட்டி, நடப்போருக்கு மட்டும் எனக் குறிக்கப்பட்ட பாதைகளில் சைக்கிளோட்ட 2025 ஜூலை முதல் அனுமதியில்லை.

2020ல் ஏறத்தாழ 460 கிலோமீட்டராக இருந்த தீவு முழுவதுக்குமான சைக்கிள் பாதைக் கட்டமைப்பு, 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக விரியவேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இலக்கு. வேகமான அன்றாடப் பயணத்துக்கு அந்தப் பாதைகள் பெருகப் பெருக, ரயில் காரிடார் நிதானமான பாதையாகவே இருக்கலாம். குழந்தைகளைக் கண்டால் வேகத்தைக் குறைப்பது, முந்துவதற்குமுன் மணி அடிப்பது, மழை பெய்த மறுநாள் சேற்றில் சக்கரத்தால் கோடு கிழிக்காமல் இருப்பது ஆகியவற்றுக்குச் சட்டத்தைவிட நல்ல பழக்கமே உதவும்.

இன்னமும் விழிப்பு தேவை

காரிடாரின் பலவீனமான இடங்கள் இரண்டு. ஒன்று, அது சாலைகளைத் தரைமட்டத்தில் சந்திக்கும் இடங்கள். சுவா சூ காங் சாலை, கிராஞ்சி சாலை போன்றவற்றில் முன்பு ரயில்வே கேட் மூடப்படும், கார்கள் காத்திருக்கும். ரயிலுக்காக நின்ற கார்கள் சைக்கிளுக்காக நிற்பதில்லை. அத்தகைய இடங்களில் பாதுகாப்பாகக் கடக்க வழி இருந்தால்தான் 24 கிலோமீட்டர் என்ற எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

மற்றொன்று, பாதையின் இருபுறமும் உள்ள நிலம். கிராஞ்சியில் காரிடாரை ஒட்டியிருந்த காட்டின் ஒரு பகுதி, சுற்றுச்சூழல் ஆய்வு முடிவதற்குமுன்பே தவறுதலாக அழிக்கப்பட்டது. பொதுமக்கள் வெளியிட்ட படங்களால் 2021 பிப்ரவரியில் விவகாரம் வெளியே வந்தது. ஜேடிசி கழகம் தவறை ஒப்புக்கொண்டது. பாதை மட்டும் கோடாக எஞ்சி, இருபுறமும் காடு போய்விட்டால் அது மரம் நட்ட இன்னொரு நடைபாதையாகிவிடும்.

நாட்டின் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. முடிவாவதற்குமுன் நகல் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துகள் கேட்கப்படுகின்றன. 2010ல் இயற்கைச் சங்கம் செய்ததைச் சிறிய அளவில் எவரும் செய்யலாம். தம் வட்டார வரைபடத்தைப் பார்த்து, எந்த இடத்தில் கடப்பது ஆபத்து, எங்கு நுழைவாயில் இல்லை, எந்த மரக்கூட்டம் காக்கப்படவேண்டும் என்பதை இடத்தின் பெயரோடு எழுதி அனுப்பலாம். பொத்தாம்பொதுவான புகாரைவிட இடம் குறித்த யோசனைக்கு அதிகாரிகளிடம் அதிக மதிப்பு உண்டு.

காரிடாருக்குச் சென்றிராதவர்கள் டௌன்டவுன் பாதையில் ஹில்வியூ அல்லது கிங் ஆல்பர்ட் பார்க் பெருவிரைவு நிலையத்தில் இறங்கித் தொடங்கலாம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 4 கிலோமீட்டர்தான். இரு இரும்புப் பாலங்களும் பழைய நிலையமும் வழியிலேயே இருக்கின்றன. சாலை எதையும் தரையில் கடக்காமல் அந்தத் தூரத்தை முடிப்பவர்களுக்கு, துண்டு போடக்கூடாது என்று சிலர் ஏன் பிடிவாதமாக நின்றார்கள் என்பது விளங்கும்.