ஷெல்லில் சுருக்கப் பெயர்கள்: உபயோகமும் அபாயமும்

கணிப்பொறித் திரையில் தோன்றும் படங்களைத் தொட்டு வேலை செய்வது ஒரு முறை; ஆணைகளைச் சொற்களாக அச்சிட்டு வேலை வாங்குவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில், நாம் எழுதும் வரியைப் படித்து உரிய நிரலை இயங்கச் செய்யும் இடையாளுக்கு ஷெல் என்று பெயர். சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' உட்பட லினக்ஸ் வகைகள் பலவற்றில் வழக்கமாக உள்ளது 'பாஷ்' என்னும் ஷெல். அதைப் பற்றியே இங்குக் கூறுகிறோம். ஆணைகளை இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் காட்டியிருக்கிறோம். கணிப்பொறியில் அவற்றை ரோமன் சிற்றெழுத்தில் அச்சிட வேண்டும்.

யூனிக்ஸ் முறையை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய காலத்தில், ஆணைகளை அச்சிட உதவிய டெலிடைப் யந்திரம் வினாடிக்கு 10 எழுத்துக்களே அடிக்கும். பட்டியலிட 'எல்எஸ்', நகலெடுக்க 'சிபி', நீக்க 'ஆர்எம்' என்று ஆணைகள் இரண்டெழுத்தாய்ச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நாளடைவில் இச்சிறு ஆணைகளோடு பல குறிகளும் நீண்ட அடைவுப் பெயர்களும் சேர்ந்து, வரி மீண்டும் நீண்டுவிட்டது. ஆகவே, உபயோகிப்பவரே தமக்கு வேண்டிய சுருக்கப் பெயரை வைத்துக்கொள்ளும் வசதி தோன்றியது. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1970-களின் இறுதியில் எழுதிய ஸி ஷெல்லில் இவ்வசதி இருந்தது. பிற்காலத்துப் பாஷிலும் இடம் பெற்றது.

இதற்குரிய ஆணை 'அலியாஸ்'. கோப்புகளைப் புதியது முதலாக விவரமாய்ப் பட்டியலிடும் ஆணை 'எல்எஸ் -எல்டி' என்பது. இதற்கு 'எல்டி' என்று பெயரிட,

அலியாஸ் எல்டி='எல்எஸ் -எல்டி'

என்று எழுதவேண்டும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடலாகாது. புதிதாகக் கற்போர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இவ்விடத்தில்தான். இப்பெயர் அந்த ஷெல் மூடப்படும் வரையிலேயே நிற்கும். நிலைத்திருக்க வேண்டுமாயின், நமது வீட்டு அடைவில் முன்னால் ஒரு புள்ளியுடன் மறைந்திருக்கும் '.பாஷ்ஆர்சி' கோப்பில் இவ்வரியைச் சேர்க்க வேண்டும்.

ஷெல் இங்கே செய்வது வெறும் சொல் மாற்றமே. வரியின் முதற்சொல் சுருக்கப் பெயராயின், அதை எடுத்துவிட்டு முழு வாசகத்தை அவ்விடத்தில் வைக்கிறது. ஆணையின் பொருளை அது ஆராய்வதில்லை. இதனால் விளையும் ஒரு பிழையைக் களப்பணியாளர் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். நாள்தோறும் காலை 8-30 மணிக்கு மழையளவைக் குறிப்பவர், அன்றைய தேதியைப் பெயரில் கொண்ட கோப்பைத் திறக்கும் நீண்ட ஆணைக்கு 'குறிப்பு' என்று பெயரிட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அவ்வாணையை இரட்டை மேற்கோட்குறிக்குள் எழுதினால், தேதி பெயரிடும் தருணத்திலேயே கணிக்கப்பட்டு உறைந்துவிடும். இரவு முழுதும் ஷெல் திறந்தே கிடந்தால், இன்றைய அளவு நேற்றைய கோப்பில் போய்ச் சேரும். கணிப்பொறியோ யாதொரு எச்சரிக்கையும் தராது. ஒற்றை மேற்கோட்குறிக்குள் எழுதினால், ஆணையை இடும்போதெல்லாம் தேதி புதிதாகக் கணிக்கப்படும்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. 'ஆர்எம்' நீக்கிய கோப்பு குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை, போனது போனதுதான். 'ஆர்எம் -ஐ' என்று எழுதினால் ஒவ்வொரு கோப்பையும் நீக்குமுன் நம்மைக் கேட்கும். ஆகவே 'ஆர்எம்' என்ற பெயரையே 'ஆர்எம் -ஐ' என்று மாற்றி வைத்துக்கொள்வோர் பலர். (தன்னையே குறிக்கும் பெயரை ஷெல் ஒரு முறைக்கு மேல் விரிப்பதில்லை, ஆகையால் இது முடிவின்றிச் சுழலாது.) ரெட் ஹாட் லினக்ஸில் நிர்வாகியின் கணக்கிற்கு இவ்வாறே அமைத்துத் தந்தனர். காப்பு போலத் தோன்றும் இப்பழக்கத்தை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. கேள்வி எழும் என்ற நம்பிக்கையில் கை கவலையற்று ஓடப் பழகிவிடுகிறது. பிறகு வேறு கணிப்பொறியில் அமர்ந்தால் அக்கேள்வி எழாது. கோப்பில் எழுதி இயக்கும் ஆணைத் தொகுதிகளில் சுருக்கப் பெயர்கள் சாதாரணமாக விரிவதில்லை. நிர்வாகி அதிகாரம் வேண்டி முன்னால் 'ஸுடோ' சேர்த்தால், முதற்சொல் அதுவாகிவிடுவதால் 'ஆர்எம்' விரியாது. மிகுந்த அதிகாரம் உள்ள வேளையில் காப்பு இல்லை! பின்னால் '-எஃப்' என்ற குறியைச் சேர்த்தாலும் கேள்வி அடங்கிவிடும்.

கேட்டு நீக்கும் ஆணைக்கு 'நீக்கு' என்று புதுப்பெயர் வைப்பது மேல். அப்பெயர் இல்லாத கணிப்பொறியில் அதை அச்சிட்டால், இப்படி ஓர் ஆணை இல்லை என்ற பதிலே வரும். கோப்புகள் தப்பும்.

வகுப்பில் ஆசிரியர் தம் சொந்தச் சுருக்கங்களைக் கொண்டு செய்து காட்டினால், மாணவர் கணிப்பொறிகளில் அவை பலியா. முதலில் முழு ஆணையைக் கற்பித்து, அது கைக்கு அலுத்த பின்னரே சுருக்கத்தை அவர்களே வைத்துக்கொள்ளச் செய்யலாம். அறிமுகமற்ற கணிப்பொறியில் ஒரு சொல் உண்மை ஆணையா, யாரோ வைத்த சுருக்கமா என்று ஐயம் எழுந்தால், அதன் முன் 'டைப்' என்று எழுதிக் கேட்கலாம். சுருக்கத்தை ஒரு முறை மட்டும் விலக்க, பெயரின் முன் பின்சாய்கோடு இட்டால் போதும். அந்த ஷெல்லிலிருந்து அறவே எடுத்துவிட 'அன்அலியாஸ்' என்ற ஆணை இருக்கிறது.