கோவிலை விழுங்கிய கடலே காட்டிக் கொடுத்தது!

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். அங்குள்ள மீனவர்களுக்குச் சோறு போடுவது கடல். கரையை அரிப்பதும் அதே கடல்தான்.

இந்தக் கரையோடு தெற்கே சுமார் 40 கிலோ மீட்டர் போனால் சாளுவன் குப்பம் வரும். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, புலிக்குகைக்கு அருகில் உள்ள ஊர் அது. அங்கே கடல் ஒரு கோவிலையே மணலில் புதைத்துவிட்டது. பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் காட்டிக் கொடுத்ததும் கடல்தான்!

பாறையில் எழுத்து

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. சுனாமி அலைகள் கரையோரக் குப்பங்களில் புகுந்தன. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் மாண்டனர்.

அந்த அலைகள் திரும்பியபோது சாளுவன் குப்பத்து மணலையும் வாரிக்கொண்டு போயின. மூடிக்கிடந்த பாறை வெளியே தெரிந்தது. அதில் பழைய தமிழ் எழுத்துகள்! திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோவிலுக்குக் கொடுத்த நன்கொடையைப் பற்றி அதில் வெட்டியிருந்தது.

நன்கொடைக் கணக்கு இருக்கிறது. கோவிலைக் காணோம்!

2005-ல் மத்திய தொல்பொருள் ஆராய்ச்சித் துறையினர் பக்கத்து மணல் மேட்டைத் தோண்டினார்கள். முதலில் பல்லவர் காலத்துக் கருங்கல் வேலை தென்பட்டது. அதற்கும் அடியில் செங்கல் கட்டிடம்! கருவறை சிறியதுதான். நீளமும் அகலமும் ஏறத்தாழ 2 மீட்டர். கோவில் வடக்கு நோக்கி இருந்தது. முன்னால் கல்லால் செய்த வேல். சுட்ட மண் விளக்குகளும் மணிகளும் கிடைத்தன.

சிப்பி சொன்ன செய்தி

செங்கற்கள் மிகப் பெரியவை. பூம்புகாரிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்தவற்றைப் போன்றவை. ஆகவே இது சங்க காலக் கோவில் என்றார்கள் தோண்டியவர்கள். அவ்வளவு பழமை இல்லை என்று மறுத்த அறிஞர்களும் உண்டு. கல்லுக்கு அடியில் இருப்பதால், பல்லவர் வேலைக்கு முந்தியது செங்கல் என்பது மட்டும் தெளிவு.

சரி, கோவிலை இடித்தது யார்? பகைவர் படையா?

மண்ணைக் கவனித்தார்கள். ஊர் மண்ணுக்கு நடுவே கடல் மணலும் சிப்பிகளும் படிந்திருந்தன. காற்று மணலைக் கொண்டுவரும். சிப்பியை அள்ளிக் கொட்ட அலை வேண்டும். பெரிய அலை ஒன்று செங்கல் கோவிலைச் சாய்த்தது, பின்னர் மேலே எழுந்த கற்கோவிலையும் இன்னோர் அலை அழித்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நமக்கு வியப்பு என்னவென்றால், ஒருமுறை இடிந்த பிறகும் மக்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பழைய அடித்தளத்தின் மேலேயே மறுபடி கட்டினார்கள். சோழர் காலத்திலும் வழிபாடு நடந்தது.

கார்த்திகைத் திருவிழாவுக்காக அவ்வூர்க்காரர் ஒருவர் 10 கழஞ்சு பொன் கொடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இன்றைய கணக்கில் அது 6 பவுனுக்கு மேல்!