டென்னிஸ் பந்தில் கற்றது வீணாகுமா?

நம்மில் பலருக்குக் கிரிக்கெட் என்றாலே டென்னிஸ் பந்துதான். கவரைப்பேட்டை சுற்றுவட்டாரத் திடல்களில் ஞாயிற்றுக்கிழமை மேட்சும் அதில்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் அண்ணன்மார் ஆடுவதும் அதில்தான். தோல் பந்து, பேடு, கிளவுஸ் என்று வீட்டில் காசு கேட்க முடியுமா? ஆனால் டீம் செலக்ஷன் வந்தால் மட்டும், "நீ டென்னிஸ் பால் ஆளு, முதல்லேர்ந்து கத்துக்கணும்" என்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?

ஒன்றைப் பழகினால் இன்னொன்று சுலபமாகுமா என்பதை 1901-லேயே தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். இரண்டுக்கும் பொதுவாக எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுதான் உதவும் என்றார்கள். நம்ம ஃபிட்டிங் ஷாப்பையே பாருங்களேன். அரம் பிடித்த கைக்கு ஹாக்ஸா சீக்கிரம் படியும். இரண்டிலும் தள்ளும்போது அழுத்தணும், இழுக்கும்போது விட்டுடணும்.

வெளித்தோற்றத்தை நம்பக் கூடாது. ஷட்டில் ஆடுபவர் டென்னிஸ் மட்டையைத் தொட்டால் மணிக்கட்டைச் சொடுக்குவார். டென்னிஸிலோ மணிக்கட்டு உறுதியாக நிற்கணும். பழைய பழக்கமே அங்கே இடைஞ்சல்.

இந்த இரண்டுமே ஒரே ஆளிடம் நடந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி டி. நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் வீசினார். அந்தப் பந்து நன்றாக எகிறும். கொஞ்சம் ஷார்ட்டாகப் போட்டால் சிக்ஸர்தான். காலடியில் குத்தும் யார்க்கர்தான் பௌலருக்குப் பாதுகாப்பு. அந்தக் குறி தோல் பந்திலும் அவருக்கு அப்படியே வந்தது. ஆனால் 2015-ல் ரஞ்சி ஆட்டத்தில் இறங்கியதும், கை வீச்சில் சந்தேகம் என்று புகார் வந்துவிட்டது. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது. லேசான பந்தில் வேகம் வர முழங்கையைச் சுண்டும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொள்ளும், அவருக்கும் அதுவாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. வீச்சை மாற்றிக்கொண்டு திரும்பினார். 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டம்; 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட்!

ஆக, முதலிலிருந்து என்பது பாதிப் பொய். குறி, பேட்ஸ்மேன் கால் நகர்வதைப் பார்த்துப் போடும் புத்தி, மெதுவான பந்து எல்லாம் நம்ம கூடவே வரும். புதிதாகப் பழக வேண்டியது தையலைப் பிடிப்பதும் முழங்கையும்தான். முழங்கைக்கு, பக்கவாட்டில் நின்று பார்க்க ஒரு நண்பன் போதும். தையலுக்கு, டென்னிஸ் பந்தின் நடுவில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி வீசிப் பாருங்கள். கோடு நேராகச் சுழன்றால் மணிக்கட்டு சரி. தள்ளாடினால் விரல்கள் பக்கவாட்டில் நழுவுது என்று அர்த்தம். டேப்புக்கு எலக்ட்ரிகல் பசங்களைக் கேளுங்கள்!