ஏரிக்கரையும் பொறியியற் கல்வியும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு ஏரிகள் நிறைந்ததாகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்பன அவற்றுட் சில. முன்னாளில் இவை வயல்களுக்குப் பாசனம் அளித்தன. 1964 ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. நாளடைவில் வயல்கள் வீட்டுமனைகளாயின. ஆனால் மழை முன்போலவே பெய்கிறது. பள்ளத்தை நோக்கியே நீர் பாய்கிறது. இவ்வுண்மையை மறவாமல் ஊரை அமைக்கும் கலையே கட்டடப் பொறியியலும் சுற்றுச்சூழற் பொறியியலும் ஆகும்.

கல்வியின் தொடக்கம்

நம் மாநிலத்தில் இக்கல்வி நில அளவையிலிருந்து பிறந்தது. 1794 ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி 8 மாணாக்கருடன் தொடங்கப்பெற்றது. அது வளர்ந்து 1859 இல் பொறியியற் கல்லூரியாயிற்று. 1920 இல் கிண்டிக்கு இடம் மாறியது. 1978 இல் அண்ணா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் உறுப்பாக அமைந்தது. இன்று ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்திலேயே பல பொறியியற் கல்லூரிகள் இருக்கின்றன.

என்ன கற்பிக்கிறார்கள்?

இளநிலைப் பட்டப்படிப்பு 4 ஆண்டுகளைக் கொண்டது. முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அடுத்து நில அளவை, நீரியக்கம், மண்ணின் தன்மை, கட்டுமானப் பொருள்களின் வலிமை ஆகியவை வரும். பின்னர்க் கட்டட அமைப்பு, பாசனம், குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல் ஆகியவற்றைப் பயின்று, இறுதியாண்டில் மாணாக்கர் தாமே ஒரு திட்டத்தை வகுத்துக் காட்டவேண்டும். 2022 ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் சேர்த்த 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் பாடத்தில் சோழர் காலக் குமிழித் தூம்பும் இடம் பெற்றுள்ளது. ஏரியின் உள்ளே நின்று, நீரையும் அடியிற் படிந்த சேற்றையும் தனித்தனித் துளைகளால் வெளியேற்றிய மதகு அது. தூர் வாரும் செலவைக் குறைத்த அந்த அறிவு இன்றைய மாணாக்கர்க்கும் வேண்டுவதே.

சுற்றுச்சூழற் பொறியியலை 2 ஆண்டு முதுநிலைப் படிப்பாகவும் பயிலலாம். நீரில் கலந்த அழுக்கை அளப்பது அதன் முதற் பாடங்களுள் ஒன்று. நீரை 20 பாகை வெப்பத்தில் 5 நாள் வைத்து, அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடுகின்றன என்று கணக்கிடுவர். அளவு மிகுந்தால் அந்நீரில் மீன் வாழாது. வீட்டுக் கழிவுநீர் ஏரிக்குள் விடப்பட்டால் நேரும் கேட்டை இச்சோதனை எண்ணால் எடுத்துக் காட்டும்.

ஊருக்கு என்ன பயன்?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 10 கோடி லிட்டர். வயலாயின் அதிற் பெரும் பகுதியை மண் உறிஞ்சும். வரப்பும் சிறிது தேக்கும். தளமும் தார்ச்சாலையுமாயின் ஏறத்தாழ முழுவதும் உடனே ஓடிவரும். வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் அது வீட்டுக்குள் புகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதையும், அடையாற்றின் கரையோரம் வெள்ளத்தில் மூழ்கியதையும் மக்கள் அறிவர். கால்வாயின் அகலத்தையும் சரிவையும் முன்னதாகவே கணக்கிட்டு வைப்பது பொறியாளர் கடமை; அதை ஆக்கிரமிக்காமல் காப்பது ஊராரின் கடமை.

ஆகவே கல்லூரிகள் தம் மாணாக்கரை அருகிலுள்ள ஏரிகளுக்கு அனுப்பி, கரையின் மட்டத்தை அளக்கவும், நீரைச் சோதிக்கவும், கால்வாயின் படம் வரையவும் செய்யலாம். ஊராட்சி மன்றங்கள் அவ்வேலைக்கு இடங்கொடுத்து, கிடைக்கும் படத்தைக் கிராம சபையில் வைத்தால் இருசாராருக்கும் நன்மை உண்டு. மாணாக்கருக்கு அனுபவம், ஊருக்கு ஆவணம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு வழி

இக்கல்வி நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் 3 ஆண்டுப் பாலிடெக்னிக் படிப்பை முடித்தவர் நேரே பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்றவர் மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வின் மூலம் முதலாண்டிற் சேரலாம். 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணாக்கருக்கு 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ் வழியிலும் இப்படிப்பு 2010 இல் தொடங்கப்பெற்றது.

எந்தத் தெருவில் முதலில் நீர் தேங்கும், எந்தக் கிணறு கோடையில் உப்பாகும் என்பதை ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளை சிறு வயதிலேயே அறியும். அந்த அறிவோடு அளவையும் கணக்கும் சேருமானால் அதைவிடச் சிறந்த பொறியாளர் ஊருக்குக் கிடைப்பது அரிது. பெற்றோரும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்த்துத் தகுதியுள்ள பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்புவார்களாக.